நடுநிலைப் பள்ளியும் சுற்றுப்புறத் தாவரங்களும்
பார்த்தீனியக் களையைக் கொண்டு ஒரு செய்முறைப் பாடம்

1. பாடத்தின் நோக்கம்

நடுநிலைப் பள்ளியில் பயிலும் மாணாக்கர் தாவரங்களைப் பற்றிப் பெரும்பாலும் பாடநூலின் வாயிலாகவே அறிந்துகொள்கின்றனர். வேர், தண்டு, இலை, பூ, காய் என்ற பகுப்பும் அவற்றின் தொழில்களும் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆயினும், பள்ளி மதிலை ஒட்டி வளர்ந்திருக்கும் பத்துச் செடிகளின் பெயரைக் கூறுமாறு கேட்டால், மூன்று நான்கிற்கு மேல் கூற இயலாதவர் பலர். நூலில் கற்ற தாவரம் வேறு, வழியில் காணும் தாவரம் வேறு என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றி விடுகின்றது. இவ்வெண்ணத்தைப் போக்குவதே செய்முறைப் பாடத்தின் முதல் நோக்கமாகும்.

சுற்றுப்புறத்தைப் பற்றிய கல்வி எல்லா நிலைகளிலும் கட்டாயமாக அளிக்கப்பட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பணித்தது. சட்டத்தினால் பாடத்தை ஏற்படுத்தலாம். ஆர்வத்தை ஏற்படுத்த இயலாது. ஆர்வம் பிறப்பது மாணாக்கன் தானே கண்டு, தானே எண்ணி, தானே ஒரு முடிவுக்கு வரும்பொழுதுதான்.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022-ஆம் ஆண்டில் இதற்கு நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) 1972-ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயின்ற கிராமப்புறச் சிறுவர் சிறுமியர் வயல்வெளிக்குச் சென்று இலைகளைத் திரட்டினர். அவற்றை வடிவத்தாலும் நரம்பமைப்பாலும் தாமே இனம் பிரித்தனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட 'பால வைஞானிக்' என்ற நூல் விடைகளை முன்கூட்டியே அளிப்பதற்குப் பதிலாக வினாக்களையும் சோதனைகளையும் அளித்தது. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த அத்திட்டம் 2002-இல் நிறுத்தப்பட்டது. எனினும், விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கிராமப் பள்ளியிலும் விஞ்ஞானத்தைச் செய்தே கற்கலாம் என்பதை அது முப்பது ஆண்டுகள் மெய்ப்பித்துக் காட்டியது. 1993 முதல் மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடைபெற்று வந்துள்ள தேசியச் சிறுவர் விஞ்ஞான மாநாட்டிலும், 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தத்தம் ஊரைச் சார்ந்த ஒரு பிரச்சினையைத் தேர்ந்து ஆராய்வதே முறையாகும்.

அத்தகைய ஆய்விற்கு ஏற்ற ஒரு பொருளும், அதனை ஒரு பருவத்திற்குள் நடத்தும் முறையும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

2. பார்த்தீனியத்தைத் தேர்ந்ததன் காரணம்

ஆய்விற்குரிய தாவரம் மூன்று இலக்கணங்களை உடையதாக இருத்தல் நன்று. அது எளிதில் கிடைக்க வேண்டும். எளிதில் அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும். ஊராரின் வாழ்வுடன் தொடர்புடையதாக இருக்க வேண்டும். தக்காணப் பீடபூமி முதல் கங்கைச் சமவெளி வரை சாலையோரங்களிலும், இருப்புப்பாதை ஓரங்களிலும், தரிசு நிலங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் இம்மூன்றும் பொருந்தியதாகும்.

இதன் விஞ்ஞானப் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ். சூரியகாந்தி, சாமந்தி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. முளைத்த சில நாட்களில் இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பின்னர் நடுத்தண்டு எழுந்து ஒரு மீட்டர் உயரமும் அதற்கு மேலும் வளரும். இலைகள் காரட் இலையைப் போல் நுணுக்கமாகப் பிளவுபட்டவை. ஆதலின் வட இந்தியாவில் இதனைக் 'காஜர் காஸ்', அதாவது காரட் புல், என்று வழங்குகின்றனர். பூங்கொத்துக்கள் சிறியவை, வெண்ணிறமானவை.

நம் நாட்டில் இச்செடி பரவலாகக் கவனத்திற்கு வந்தது 1955-ஆம் ஆண்டில், புனே நகரின் குப்பைமேடுகளில். அமெரிக்கப் பொதுச் சட்டம் 480-இன் கீழ் இறக்குமதியான கோதுமையுடன் இதன் விதை வந்தது என்று பலரும் கூறுவர். இக்கூற்றையே மாணாக்கருக்கு ஒரு பயிற்சியாக அளிக்கலாம். அச்சட்டத்தின்கீழ் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது 1956 ஆகஸ்ட் மாதத்தில். செடி புனேயில் காணப்பட்டதோ அதற்கு முந்திய ஆண்டில். ஆகவே, அவ்வொப்பந்தத்தின் கோதுமையே இச்செடியை முதன்முதல் கொண்டுவந்தது என்று கொள்வதற்கில்லை. அதற்கு முன் வந்த தானியமோ, வேறொரு வழியோ காரணமாயிருத்தல் கூடும். பலர் கூறுவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே என்பதை இவ்வெடுத்துக்காட்டு விளக்கும்.

இக்களையால் விளையும் தீங்குகள் பல. இதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். மகரந்தம் மூக்கில் நீரொழுக்கையும், சிலருக்கு ஆஸ்துமாவையும் தோற்றுவிக்கும். கால்நடைகள் இதனை விரும்பி உண்பதில்லை. வேறு தீவனமின்றி உண்டால் பாலில் கசப்பு ஏறும். மேய்ச்சல் நிலத்தில் இது பரவினால் புல் குறையும். கையால் களை பறிக்கும் விவசாயக் கூலிகளே, குறிப்பாகப் பெண்களே, இதனால் மிகுதியும் துன்புறுவோர் ஆவர். எனவே இச்செடியைப் பற்றிய ஆராய்ச்சி வெறும் ஏட்டுக் கல்வியன்று. மாணாக்கனுடைய தாயின் கைகளையும், வீட்டுப் பசுவின் தீவனத்தையும் பற்றியதாகும்.

3. முற்காப்பு விதிகள்

பல இடங்களில் 'களை ஒழிப்பு நாள்' என்ற பெயரால் மாணாக்கரை வரிசையாக நிறுத்தி, பூத்த பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கச் செய்வதுண்டு. இவ்வழக்கம் இருவகையில் தவறானது. முதலாவது, அது குழந்தைகளின் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. இன்று ஒன்றும் நேராத குழந்தைக்கும் மீண்டும் மீண்டும் தொடுவதனால் ஒவ்வாமை பின்னர் தோன்றக்கூடும். இரண்டாவது, பூத்து விதை பிடித்த செடியைப் பிடுங்கி இழுத்துச் செல்லும்பொழுது வழி நெடுக விதை சிந்துகின்றது. ஒழிப்பதற்குப் பதிலாக விதைப்பதாகவே அது முடிகின்றது.

ஆகவே ஆசிரியர் பின்வரும் விதிகளைத் தவறாது கடைப்பிடித்தல் வேண்டும்.

அ. ஆஸ்துமாவோ தோல் நோயோ உள்ள மாணாக்கரை முன்னரே அறிந்து, அவர்களுக்கு வரைபடம் தீட்டுதல், கணக்கிடுதல், முதியோரை வினவுதல் ஆகிய பணிகளை அளிக்க வேண்டும்.

ஆ. மாணாக்கர் செடியை எண்ணலாம், வரையலாம், தொடலாகாது. தொட வேண்டிய பணி எதுவாயினும் பெரியவர் ஒருவர், கையுறையோ தடித்த பாலிதீன் உறையோ அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு செய்ய வேண்டும்.

இ. செடிகள் பெருமளவில் பூத்து நிற்கும் இடத்தைத் தவிர்த்து, பூக்கும் பருவத்திற்கு முன்னரே களப்பணியை முடித்தல் நன்று.

ஈ. திரும்பியவுடன் கை, கால், முகம் ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

4. முதற் செயல்: சதுரக் கணக்கெடுப்பு

நான்கு மீட்டர் நீளமுள்ள கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சிட்டு, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நான்கு குச்சிகளில் மாட்டினால் ஒரு சதுர மீட்டர் கிடைக்கும். பள்ளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவிற்குள் நான்கு இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: சாலையோரம், விளையாட்டுத் திடல், தரிசு நிலம், மரநிழல். ஒவ்வோர் இடத்திலும் பத்துச் சதுரங்களில் பார்த்தீனியச் செடிகளை எண்ணிக் குறிக்க வேண்டும். அச்சதுரங்களில் காணப்படும் பிற செடிகளையும் உள்ளூர்ப் பெயரால் எழுதிக்கொள்ளல் அவசியம். பெயர் தெரியாதவற்றை 'க', 'ங', 'ச' எனக் குறித்து, இலையின் வடிவத்தை வரைந்துகொண்டால் போதும். பெயரைப் பின்னர் ஊர் முதியோரிடமோ, மேய்ப்பரிடமோ கேட்டறியலாம்.

சதுரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நேர்கின்றது. விருப்பம்போல் வைக்கவிட்டால், மாணாக்கர் கண் செடி மண்டிய இடத்தையே நாடும். ஆதலின் 1 முதல் 50 வரை எண்ணிட்ட சீட்டுக்களைக் குலுக்கிப் பத்தை எடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்து அத்தனை காலடித் தொலைவில் சதுரத்தை அமைக்க வேண்டும். சீட்டு காட்டிய இடத்தில் வெறும் தரையே இருப்பினும் அங்கேயே அமைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, சாலையோரத்துப் பத்துச் சதுரங்களில் 14, 0, 22, 9, 17, 0, 31, 12, 6, 19 எனச் செடிகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 130, சராசரி ஒரு சதுர மீட்டருக்கு 13. பத்தில் எட்டுச் சதுரங்களில் செடி இருப்பதால் காணப்படும் விகிதம் 80 சதவீதம். மரநிழலில் 0, 0, 3, 0, 1, 0, 0, 2, 0, 4 எனக் கிடைத்தால் கூட்டுத்தொகை 10, சராசரி 1, விகிதம் 40 சதவீதம்.

இங்கே ஒரு மாணாக்கன், "செடியே இல்லாத சதுரத்தை ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்டல் இயல்பு. அவ்வாறு கேட்டால் அவனைக் கொண்டே கணக்கிடச் செய்ய வேண்டும். சாலையோரத்தின் இரு சூனியங்களையும் நீக்கினால் சராசரி 13 என்பது 16.25 ஆக உயர்ந்துவிடும். மரநிழலின் ஆறு சூனியங்களை நீக்கினால் 1 என்பது 2.5 ஆகிவிடும். நிலத்தில் இல்லாத செடி ஏட்டில் முளைத்துவிடுகின்றது! ஒன்றுமில்லை என்பதும் ஒரு செய்தியே. அதனை மறைப்பது பொய் எழுதுவதற்கு ஒப்பாகும். இவ்வொன்றை மாணாக்கன் உணர்ந்துகொண்டால், இப்பாடத்தின் பயனில் பாதி கிடைத்ததாகக் கொள்ளலாம்.

5. இரண்டாம் செயல்: மண்ணில் உறங்கும் விதை

நன்கு வளர்ந்த ஒரு பார்த்தீனியச் செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உண்டாக்கக் கூடியது. விதைகள் மிக நுண்ணியவை. காற்றிலும், நீரிலும், வண்டிச் சக்கரத்து மண்ணிலும், எருவிலும் சென்று பரவுகின்றன. நூற்றுக்கு ஒன்றே பிழைத்தாலும் ஒரு செடியினின்று 150 செடிகள் தோன்றும். அவை தலைக்கு 15,000 விதை ஈன்றால் 22,50,000 விதைகள். ஈரம் கிடைத்தால் ஆண்டில் எப்பொழுதும் முளைத்து, மூன்று நான்கு மாதங்களில் வாழ்நாளை முடிக்கும் இச்செடிக்கு ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் இயலும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதனைக் கண்ணால் காண, ஐந்து தட்டுக்களை எடுத்துக்கொள்க. இரண்டில் சாலையோரத்து மேல்மண்ணையும், இரண்டில் மரநிழலின் மேல்மண்ணையும், ஐந்தாவதில் நன்கு வறுத்து ஆறவைத்த மண்ணையும் ஒரே அளவாக இடுக. நாள்தோறும் ஒரே அளவு நீர் தெளித்து, 30 நாட்கள் வரை முளைப்பவற்றை எண்ணுக. வறுத்த மண்ணில் விதை உயிரோடிராது. ஆதலின் அத்தட்டில் எதுவும் முளைத்தால், அது காற்றிலோ நீரிலோ வந்ததாகும். அவ்வாறே பிற தட்டுக்களிலும் வந்திருக்கக் கூடும் என்று அறியலாம். சோதனை முடிந்ததும், பூக்கும் முன்னரே, நாற்றுக்களை ஆசிரியர் அகற்றிக் குழியிலிட்டு மண்ணால் மூட வேண்டும்.

6. மூன்றாம் செயல்: இலைநீரும் பச்சைப்பயறும்

பார்த்தீனியம் தன் அருகில் பிற செடிகள் வளர்வதைத் தடுக்கும் பொருள்களை வெளியிடுகின்றது என்பது ஆய்வுகளால் அறியப்பட்டதாகும். இதனைச் சோதிக்க, ஆசிரியர் 100 கிராம் பார்த்தீனிய இலையை நறுக்கி ஒரு லிட்டர் நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுக. அதே முறையில் சாதாரணப் புல்லின் இலைநீரையும் தயாரிக்க. மூன்றாவதாக வெறும் நீரை வைத்துக்கொள்க. ஈரத்துணி விரித்த தட்டுக்களில் தட்டிற்கு 20 பச்சைப்பயறு வீதம் இட்டு, ஒவ்வொரு நீருக்கும் மும்மூன்று தட்டுக்கள் அமைக்க. மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணியும், ஐந்தாம் நாள் வேரின் நீளத்தை அளந்தும் எழுதுக. அளக்குமுன் முளைகளை நன்னீரில் கழுவுதல் வேண்டும். சோதனைக்குப் பயன்பட்ட பயறு உண்பதற்குரியதன்று.

புல்லின் இலைநீர் எதற்கு என்ற ஐயம் எழலாம். வெறும் நீரோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால், முளைப்பு குறைந்ததற்குப் பார்த்தீனியம் காரணமா, அல்லது எந்த இலையை ஊறவைத்தாலும் அவ்வாறுதான் ஆகுமா என்பது தெரியாது. இரண்டாவது இலையை வைத்தால்தான் குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிக்க இயலும். கிடைத்த முடிவு நூலிற் கூறியதற்கு மாறாக இருப்பினும் அதனை அப்படியே எழுதி, மறுமுறை செய்து பார்க்க வேண்டும். நூலுக்கேற்ப எண்ணைத் திருத்தலாகாது.

7. நான்காம் செயல்: களையை உண்ணும் வண்டு

மழைக்காலத்தில் சில இடங்களில் பார்த்தீனிய இலைகள் சல்லடையாகத் துளைக்கப்பட்டிருக்கக் காணலாம். அது பெரும்பாலும் மெக்ஸிகோ வண்டின் வேலையாகும். சைகோகிராமா பைகொலராட்டா எனப்படும் இவ்வண்டு மெக்ஸிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொணரப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 1984-இல் வெளியில் விடப்பட்டது. வெளிறிய சிறகுறையில் கருமையான நெளிகோடுகளை உடையது. இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிற முட்டைகளை இடும். வண்டும் அதன் புழுவும் இலையை உண்ணும். வறண்ட பருவத்தில் வண்டு மண்ணுள் புதைந்து உறங்கி, மழை வந்ததும் வெளிப்படும். அதுவரை களை தங்குதடையின்றி வளரும் என்பதே இம்முறையின் குறைபாடு.

மாணாக்கர் குறிப்பிட்ட பத்துச் செடிகளுக்கு அடையாளக் குச்சி நட்டு, வாரந்தோறும் வண்டுகளின் எண்ணிக்கையையும், இலைகளில் எவ்வளவு பகுதி உண்ணப்பட்டுள்ளது என்பதையும் தொடாமலே குறித்துவரலாம்.

இவ்வண்டின் வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. சில ஆண்டுகளுக்குப் பின் இது சூரியகாந்தி இலையைக் கடித்திருப்பது கண்டு விவசாயிகள் அஞ்சினர். நன்மைக்குக் கொணர்ந்த வண்டு பயிருக்குப் பகையாகிவிட்டதோ என்ற கேள்வி எழுந்தது. ஆராய்ந்ததில், சூரியகாந்தி இலைமீது படிந்திருந்த பார்த்தீனிய மகரந்தமே வண்டை உண்ணத் தூண்டியது என்று அறியப்பட்டது. கண்டது உண்மை, அதற்குக் கற்பித்த காரணம் வேறு. காட்சியையும் காரணத்தையும் தனித்தனியே எழுதும் பழக்கத்தை மாணாக்கருக்கு ஏற்படுத்த இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

8. முடிவுகளை ஊருக்கு எடுத்துச் செல்லுதல்

பள்ளி ஏட்டிலேயே அடங்கிவிடும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே. மாணாக்கர் தம் முடிவுகளை ஒரு பெரிய வரைபடத்தில் எழுதி, களை மண்டிய இடங்களுக்கு ஒரு நிறமும் இல்லாத இடங்களுக்கு வேறொரு நிறமும் தீட்டி, ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம். எந்த இடத்தில் முதலில் களை எடுக்க வேண்டும், எப்பொழுது எடுக்க வேண்டும் என்பதை ஊராட்சி முடிவு செய்ய இவ்வரைபடம் உதவும். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்பொழுது, வேரோடு எடுத்து மக்குக் குழியில் இடுவதே சிறந்த முறையாகும். பூத்தபின் எடுத்ததை மக்கச் செய்தால் விதை எருவோடு வயலுக்குச் செல்லக்கூடும்.

களை எடுத்த இடம் வெறுமையாக இருந்தால் களையே மீண்டும் வரும். எனவே அவ்விடத்தில் தகரை, துலுக்கச் சாமந்தி ஆகிய போட்டிச் செடிகளின் விதையைப் பருவமழைக்கு முன் தூவுமாறு பரிந்துரைக்கப்படுகின்றது. மரநிழலிலும் அடர்ந்த புல்லிலும் களை குறைவாக இருப்பதை மாணாக்கர் தம் சதுரக் கணக்கிலேயே கண்டிருப்பராயின், இப்பரிந்துரையின் பொருள் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

9. களப்பணியாளரின் பங்கு

வேளாண் விரிவாக்கப் பணியாளரும், வனத்துறை, சுகாதாரத் துறை ஊழியரும் இவ்வாய்வில் துணை நிற்கலாம். செடிகளின் பெயரை உறுதி செய்தல், ஒவ்வாமை உள்ளோருக்கு அறிவுரை கூறுதல், மக்குக் குழி அமைக்கும் முறையைக் காட்டுதல் ஆகியவை அவர்கள் செய்யத்தக்கவை. உள்ளூரில் பெயர் அறிய இயலாத செடியை, நாளிதழ்த் தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, எடுத்த இடமும் நாளும் எழுதி வைத்தால், அருகிலுள்ள கல்லூரித் தாவர இயல் ஆசிரியரிடம் காட்டி அறியலாம். 1890-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவர மதிப்பீட்டு நிறுவனத்திற்குப் புனே, கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் வட்டார நிலையங்கள் உள்ளன. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நடத்தும் பார்த்தீனிய விழிப்பு வாரத்தைப் பள்ளி ஆய்வின் முடிவுகளை எடுத்துரைக்கும் வாய்ப்பாகக் கொள்ளலாம்.

ஓராண்டுக் கணக்கு ஒரு செய்தியைத் தரும். ஐந்தாண்டுக் கணக்கு ஒரு வரலாற்றைத் தரும். அதே நான்கு இடங்களில், அதே மாதத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் எண்ணிவந்தால், களை பெருகுகின்றதா குறைகின்றதா என்பதைக் கூற வல்ல ஆவணம் அவ்வூரின் பள்ளியில் இருக்கும். ஆசிரியர் மாறலாம், மாணாக்கர் மேல்வகுப்பிற்குச் செல்லலாம். ஏடு மட்டும் பள்ளியை விட்டுச் செல்லாமல் பாதுகாக்கப்படல் வேண்டும்.

10. பயிற்சி வினாக்கள்

1. பத்துச் சதுரங்களில் ஆறில் மட்டும் செடிகள் காணப்பட்டு, அவற்றின் மொத்தம் 48 ஆயின், சராசரி என்ன? காணப்படும் விகிதம் என்ன?

2. சதுரம் அமைக்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்வது ஏன்?

3. மண் சோதனையில் வறுத்த மண் இல்லாவிடின் முடிவில் என்ன ஐயம் எஞ்சி நிற்கும்?

4. பூத்த பின் களை பிடுங்குவதனால் விளையும் இரு தீங்குகளைக் கூறுக.

5. இருபது ஆண்டுகளுக்கு முன் ஊர்த் தரிசில் வளர்ந்த செடிகள் எவை என்பதை மூன்று முதியோரிடம் தனித்தனியே கேட்டு எழுதுக. மூவர் கூற்றும் எங்கே ஒத்துள்ளன, எங்கே வேறுபடுகின்றன?